குழுவுக்கு ஒரு டொமைன் பெயர்: டாட் காமா, டாட் ஆர்க்கா, டாட் இன்னா, டாட் இந்தியாவா?

எங்கள் குழுவுக்கு வயது பதினொன்று. மாடியிலும் கொல்லையிலும் காய்கறி வளர்ப்பவர்கள் நாட்டு விதைகளைக் கைமாற்றிக்கொள்வதற்காகத் தொடங்கிய இந்தக் குழுவில் பாதிப்பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். மற்றவர்கள் யாழ்ப்பாணம், கோலாலம்பூர், சிங்கப்பூர், டொராண்டோ எனப் பரவியிருக்கிறார்கள். அலைபேசிச் செயலிகளில் ஓடிக்கொண்டிருக்கும் உரையாடல்களையும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்த விதைப் பட்டியல்களையும் ஒரே இடத்தில் வைக்கத் தனித் தளம் ஒன்று வேண்டும் என்று சென்ற ஆண்டு முடிவானது. எந்த மென்பொருள் என்ற பேச்சு இரண்டு வாரத்தில் தீர்ந்தது. எந்த டொமைன் பெயர், அதாவது தளத்தைத் திறக்கத் தட்டும் முகவரி, என்ற பேச்சு மூன்று மாதமாகியும் தீரவில்லை. இருக்கும் வழிகளை ஒப்பிட்டு எழுதித் தரும்படி என்னிடம் சொன்னார்கள். அந்த ஒப்பீடுதான் இது.

இந்த விஷயத்தில் நாங்கள் ஒருமுறை சூடுபட்ட பூனை. 2016இல் ஒரு டாட் காம் பெயரைப் பதிவு செய்து விதைப் பட்டியலை அதில் ஏற்றினோம். பதிவு செய்த நண்பர் தம் அலுவலக மின்னஞ்சலைக் கொடுத்திருந்தார். அவர் வேலை மாறினார்; அந்த அஞ்சல் பெட்டி மூடப்பட்டது; ஆண்டுக் கட்டணம் பிடிக்கப்பட்டுவந்த கடன் அட்டையும் காலாவதியானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தளம் திறக்கவில்லை. சர்வர் கோளாறு என்று நினைத்து நாங்கள் சர்வர்காரரைத் துரத்திக்கொண்டிருந்த வாரங்களில் பெயர் கைநழுவிப் போயிற்று. பழைய துண்டறிக்கையில் அச்சிட்ட முகவரியைத் தட்டினால் இன்றைக்கும் ரம்மி விளம்பரம் வருகிறது. கத்தரி விதை தேடிப்போன ஓர் அம்மா அதைப் பார்த்துவிட்டு, “ஏன் தம்பி, சீட்டாட்டமும் சேத்து நடத்துறீங்களா?” என்று தொலைபேசியில் கேட்டார்.

ஆகவே பெயர்களை ஒப்பிடுவதற்கு முன், டொமைன் பெயர் எப்படி இயங்குகிறது, அது எவர் எவர் கையிலெல்லாம் இருக்கிறது என்பதைத் தெளிவாக வைத்துக்கொள்வது நல்லது. இணையத்தின் தொடக்க காலத்தில், எந்தக் கணினிக்கு எந்த எண் என்ற பட்டியல் ஒரே ஒரு கோப்பாக அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் பராமரிக்கப்பட்டது. மற்றவர்கள் அதை அவ்வப்போது படியெடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகியபோது அந்த ஒற்றைப் பட்டியல் தாங்கவில்லை. 1983இல் பால் மொகபெட்ரிஸ் வடிவமைத்த டி.என்.எஸ். என்னும் முறை, பட்டியலை அடுக்கடுக்காகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கையும் ஒவ்வொருவர் பொறுப்பில் விட்டது. இன்று வரை நாம் பயன்படுத்துவது அதைத்தான்.

அஞ்சல்காரர் கடித உறைகளை ஊர்வாரியாகப் பிரிக்கும் விதத்தை நினைத்துக்கொண்டால் இது எளிதில் புரியும். முகவரியை நாம் வீட்டு எண்ணிலிருந்து எழுதுகிறோம். அஞ்சல் நிலையம் அதைக் கடைசி வரியிலிருந்து படிக்கிறது. டொமைன் பெயரும் அப்படியே வலமிருந்து இடமாகப் படிக்கப்படுகிறது. எங்கள் பெயர் டாட் ஆர்க்கில் இருப்பதாக வைத்துக்கொள்வோம்; மேலூரில் ஓர் உறுப்பினர் அந்த முகவரியைத் தட்டினால், அவருடைய இணையச் சேவை நிறுவனத்தின் கணினியோ, 8.8.8.8 என்ற எண்ணில் கூகுள் நடத்துவது போன்ற பொதுக் கணினியோ, அவர் சார்பில் விசாரிக்கப் புறப்படுகிறது. முதலில், அடுக்கின் உச்சியில் இருக்கும் வேர் சர்வர்களில் ஒன்றைக் கேட்கிறது. அவற்றுக்கு ஏ முதல் எம் வரை பதின்மூன்று பெயர்கள். நடத்துபவை பன்னிரண்டு அமைப்புகள். ஆனால் அந்தப் பெயர்களுக்குப் பின்னால் உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் பிரதிகள் இருக்கின்றன. எங்கள் பெயரை வேர் அறியாது. டாட் ஆர்க் பட்டியல் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் அறியும். டாட் ஆர்க் சர்வருக்கும் எங்கள் தளத்தின் எண் தெரியாது. எங்கள் பெயருக்குப் பொறுப்பான சர்வர் எது என்பது மட்டும் தெரியும். மூன்றாவதாகக் கேட்கப்படும் அந்த சர்வர்தான் எண்ணைச் சொல்கிறது. விடை கிடைத்ததும், குறிப்பிட்ட நேரத்துக்கு அது நினைவில் வைத்துக்கொள்ளப்படுகிறது; அந்த நேரத்துக்குள் அடுத்து வருபவருக்காக இந்த நடை முழுவதும் நடக்க வேண்டியதில்லை.

இதில் ஒரு குழுவுக்கு முக்கியமான செய்தி இரண்டு. ஒன்று, பெயரும் வீடும் வேறு வேறு. தளத்தை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோனாலும், மென்பொருளையே மாற்றினாலும், மூன்றாவது சர்வரில் ஓர் எண்ணைத் திருத்தினால் போதும். உறுப்பினர்கள் எதையும் புதிதாகக் கற்க வேண்டாம். மற்றொன்று, பெயரை நாம் ‘வாங்கினோம்’ என்று பேச்சில் சொன்னாலும் அது விற்பனை ஆவணம் பதிந்த மனை அன்று. 1998இல் தொடங்கப்பட்ட ஐகான் என்ற அமைப்பு, பெயரின் முடிவில் வரும் டாட் காம் போன்ற பின்னொட்டுகளை, அவற்றின் பட்டியலைப் பராமரிக்கும் பதிவகங்களிடம் ஒப்படைக்கிறது. பதிவகத்தின் முகவர்களான பதிவு நிறுவனங்கள் நம்மிடம் பணம் வாங்கிப் பெயரைப் பட்டியலில் சேர்க்கின்றன. டாட் காம், டாட் ஆர்க் போன்ற பொதுப் பின்னொட்டுகளில் ஒரே தவணையில் அதிகபட்சம் 10 ஆண்டுக்குத்தான் எடுக்க முடியும். நாட்டுக் குறிப் பின்னொட்டுகள் அந்தந்த நாட்டின் ஏற்பாட்டில் இருப்பதால் அங்கே விதிகள் மாறும். சுருங்கச் சொன்னால் இது குத்தகை. எனவே ஒப்பீட்டில் என் முதல் கேள்வி, குத்தகைச் சங்கிலியில் எங்களுக்கு மேலே நிற்பவர் யார், அவர் மனம் மாறினால் எங்களுக்கு என்ன ஆகும் என்பதே. இரண்டாவது கேள்வி, காதால் கேட்டவர் அதைச் சரியாகத் தட்டுவாரா என்பது. அழகு மூன்றாவதாக வரட்டும்.

முதலில், சொந்தப் பெயரே வேண்டாம், வேறொரு பெரிய தளத்தின் பெயருக்குள் ஓர் அறை எடுத்துக்கொள்ளலாம் என்ற யோசனை. செலவில்லை, புதுப்பிக்கும் தொல்லையில்லை, ஆகவே எங்கள் பொருளாளருக்கு இதுவே பிடித்திருந்தது. தமிழ் இணையத்தின் தொடக்கக் குழுமங்கள் பலவும் இப்படித்தான் கூடின. மரத்தடி, ராயர் காபி கிளப் போன்றவை யாகூ குரூப்ஸ் என்ற மடற்குழுச் சேவையின் கூரையின் கீழ் இருந்தவை. 2019 டிசம்பரில் யாகூ அந்தச் சேவையில் சேர்ந்திருந்த பழைய மடல்களையும் கோப்புகளையும் நீக்கத் தொடங்கியது. 2020 டிசம்பரில் சேவையையே மூடியது. ஆர்குட் என்ற சமூக வலைத்தளம் 2014இல் போயிற்று, இலவச வலைப்பக்கங்கள் தந்த ஜியோசிட்டீஸ் அதற்கும் முன்னால் 2009இல். பெரிய நிறுவனத்தின் பெயருக்குள் இருப்பது பாதுகாப்பு என்ற எண்ணத்துக்கு எதிராக இதைவிட நேரான சாட்சி தேவையில்லை.

ஆனால் இந்த வழிக்கு ஆதரவாகவும் ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவுக்கு 2008இல் வாசகர் வாக்கெடுப்பில் பெயர் அமைந்தது. அதை நடத்தியவர்கள் 2010இல் சமையல், புள்ளியியல் எனப் பல துறைகளுக்கும் கேள்வி-பதில் தளங்களை விரித்தபோது, ஒவ்வொரு குழுவும் தனக்கென ஒரு பெயரையும் தனி டொமைனையும் தேர்ந்துகொள்ளலாம் என்றே தொடங்கினார்கள். சமையல் குழு ‘சீசன்ட் அட்வைஸ்’ என்று பெயர் சூட்டிக்கொண்டது; ‘மசாலா சேர்த்த’, ‘அனுபவம் முதிர்ந்த’ என்ற இரு பொருளும் தரும் சிலேடை அது. கொஞ்ச நாளிலேயே நடத்தியவர்கள் மனம் மாறினார்கள். நல்ல டாட் காம் பெயர்கள் ஏற்கெனவே போய்விட்டன, மிஞ்சியவை சொற்சிலேடைகள், சிலேடையைப் பார்த்து இது சமையல் தளம் என்று புதிதாக வருபவருக்குத் தெரியாது, தவிரவும் ஒவ்வொரு புதுப் பெயரும் தேடுபொறிகளிடம் அடி முதல் நற்பெயர் சம்பாதிக்க வேண்டும். ஆகவே தளங்கள் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் என்ற பொதுப் பெயரின் முன்னொட்டாக வைக்கப்பட்டன. சூட்டிய பெயர் தளத்தின் தலைப்பில் மட்டும் நின்றது. உபுண்டு இயங்குதளத்துக்கான ஆஸ்க் உபுண்டு போன்ற மிகச் சில குழுக்கள் தனி டொமைனைத் தக்கவைத்துக்கொண்டன.

விக்கிப்பீடியாவும் இதே வகை. தமிழ் விக்கிப்பீடியா தனிப் பெயர் தேடவில்லை. ‘டிஏ’ என்ற இரண்டெழுத்து மொழிக்குறியை முன்னே வைத்துக்கொண்டு தாய்ப் பெயரின் மதிப்பில் 2003 முதல் நிற்கிறது. இரண்டிலும் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: முன்னொட்டாக இருக்கும் குழுவும் தாய்ப் பெயரை வைத்திருக்கும் அமைப்பும் ஒரே நோக்கத்தில் இயங்குகின்றன. எங்களுக்கு அப்படியொரு தாய் வீடு கிடையாது; கிடைப்பது வாடகை அறை. ஆகவே இந்த வழியை நான் தள்ளிவிடுகிறேன். ஆனால் அதன் பாடத்தை எடுத்துக்கொள்கிறேன்: சிலேடை வேண்டாம்.

டாட் காமுக்கு வருவோம். பெயரைக் கேட்டவர் பின்னொட்டு நினைவில்லாவிட்டால் தானாகத் தட்டுவது இதைத்தான்; அந்தப் பழக்கமே இதன் பெரிய பலம். முதல் டாட் காம் பெயர் 1985 மார்ச் 15இல் பதிவானது. நாற்பது ஆண்டுகளாக உலகம் அள்ளிய குளத்தில் நல்ல சிறிய பெயர் மிஞ்சியிருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. எங்கள் பட்டியலில் இருந்த பதினான்கு பெயர்களில் பதினொன்று டாட் காமில் ஏற்கெனவே எவரோ எடுத்தவை. அவற்றில் பெரும்பாலானவற்றில் தளமே இல்லை, ‘இந்தப் பெயர் விற்பனைக்கு’ என்ற பலகைதான் தொங்குகிறது. இந்தப் பின்னொட்டை நடத்துவது வெரிசைன் நிறுவனம். பதிவு நிறுவனங்களிடம் அது வாங்கும் மொத்த விலை 2021 வரை ஆண்டுக்கு 7.85 டாலராக இருந்து, படிப்படியாக ஏறி, 2024 செப்டம்பரில் 10.26 டாலர் ஆனது. விலையேற்றத்துக்கு ஒப்பந்தத்தில் உச்சவரம்பு உண்டு. நமக்குச் சில்லறை விலை அதற்கு மேல். குழுவுக்கு இது பெரிய தொகையில்லை. நல்ல பெயர் டாட் காமில் கிடைத்திருந்தால் இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்திருக்கக் கூடும்.

டாட் ஆர்க் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. அது பதிவு பெற்ற தொண்டு அமைப்புகளுக்கு மட்டும் என்று எங்கள் குழுவிலேயே மூன்று பேர் சொன்னார்கள். அப்படி நிபந்தனை எதுவும் இல்லை. எவரும் பதிவு செய்யலாம். ஆனால் பழக்கத்தால் அந்த மூன்றெழுத்து ‘இங்கே வியாபாரம் இல்லை’ என்ற தோற்றத்தைத் தருகிறது. விக்கிப்பீடியா 2001இல் டாட் காமில்தான் தொடங்கியது. விளம்பரம் போடுவார்களோ என்ற ஐயம் பங்களிப்பாளர்களிடையே எழுந்த பிறகு 2002இல் டாட் ஆர்க்குக்கு மாறியது. விதையை விலையின்றிக் கைமாற்றும் குழுவுக்கு இந்தத் தோற்றம் பொருந்துகிறது.

சங்கிலியில் மேலே நிற்பவரைப் பற்றிய கேள்வியில்தான் டாட் ஆர்க்கின் கதை விறுவிறுப்பானது. இன்டர்நெட் சொசைட்டி என்ற இலாப நோக்கற்ற அமைப்பு உருவாக்கிய பி.ஐ.ஆர். என்னும் பதிவகம் 2003 முதல் இதை நடத்துகிறது. 2019 ஜூன் மாத இறுதியில் டாட் ஆர்க் விலைக்கு இருந்த உச்சவரம்பை ஐகான் எடுத்துவிட்டது. அதே ஆண்டு நவம்பரில், அந்தப் பதிவகத்தை ஈத்தோஸ் கேப்பிட்டல் என்ற தனியார் முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப்போவதாக அறிவிப்பு வந்தது, விலை 113.5 கோடி டாலர். உலகெங்கும் உள்ள தொண்டு அமைப்புகள் எதிர்த்தன; கலிஃபோர்னியா மாநிலத் தலைமை வழக்கறிஞரும் கடிதம் எழுதினார்; 2020 ஏப்ரல் 30 அன்று ஐகான் அந்தக் கைமாற்றத்துக்கு ஒப்புதல் மறுத்தது. இதை இரண்டு விதமாகவும் படிக்கலாம். விற்கத் துணிந்தார்கள் என்பது ஒன்று. எதிர்ப்பு வென்றது என்பது இன்னொன்று. நான் இரண்டாவதன் பக்கம் சாய்கிறேன், ஏனென்றால் ஒரு பின்னொட்டுக்காக இத்தனை அமைப்புகள் தெருவுக்கு வந்ததை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. எங்களைவிடப் பெரியவர்கள் அதே கூரையின் கீழ் இருப்பதும், கூரை ஒழுகினால் முதலில் கத்துபவர்கள் அவர்களாக இருப்பார்கள் என்பதும் சிறிய குழுவுக்கு ஒரு காப்பு.

நாட்டுக் குறிப் பின்னொட்டுகளில் அந்தக் காப்பு கிடையாது; மேலே நிற்பது ஓர் அரசு, அல்லது அரசின் கண்பார்வையில் இயங்கும் அமைப்பு. எங்கள் இளையவர்கள் சிலர் டாட் ஐஓ அழகாக இருக்கிறது என்றார்கள். அது பிரித்தானிய இந்தியப் பெருங்கடல் ஆட்சிப்பகுதியின் குறி. அந்தத் தீவுகளின் இறையாண்மையை மொரீஷியசுக்கு விட்டுக்கொடுக்கப் பிரிட்டன் 2024 அக்டோபரில் இணங்கி, 2025 மே மாதம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. நாட்டுக் குறி சர்வதேசப் பட்டியலிலிருந்து நீங்கினால் பின்னொட்டும் நாளடைவில் ஓய்வுபெற வேண்டும் என்பது விதி. யூகோஸ்லாவியாவின் டாட் ஒய்யூ 2010இல் அப்படித்தான் மறைந்தது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பின், அங்கே இருந்தவர்கள் வைத்திருந்த, ஒன்றியக் குறியான டாட் ஈயூ பெயர்கள் பல்லாயிரக்கணக்கில் 2021 தொடக்கத்தில் முடக்கப்பட்டன. இலவசமாகக் கிடைத்த டோக்கெலாவ், மாலி போன்ற இடங்களின் குறிகளை ஃப்ரீநாம் என்ற நிறுவனம் வாரி வழங்கியது. 2023இல் புதுப் பதிவுகளை நிறுத்தி, 2024இல் அந்தத் தொழிலையே விட்டது.

இணையக் குழுக்களுக்கு நேரடியான எச்சரிக்கை 2024 பிப்ரவரியில் வந்தது. பல குழுக்கள் தத்தம் சர்வர்களில் நடத்தி ஒன்றாகக் கோத்த மாஸ்டடான் என்ற சமூக வலையில் இருந்த ‘குயீர் டாட் ஏஎஃப்’ என்ற குழுவின் பெயரை, ஆப்கானிஸ்தானின் பின்னொட்டைக் கையில் வைத்திருக்கும் தாலிபான் அரசின் அமைச்சகம் நிறுத்தியது. அந்த இரண்டெழுத்தை ஆங்கிலக் கொச்சையின் சுருக்கமாக நினைத்து எடுத்தவர்களுக்கு, அதற்குப் பின்னால் ஒரு நாடு இருப்பது நினைவூட்டப்பட்டது. மாஸ்டடான் போன்ற வலைகளில் பாதிப்பு இன்னும் ஆழம், ஏனென்றால் அங்கே ஒவ்வோர் உறுப்பினரின் அடையாளத்திலும் டொமைன் பெயர் ஒட்டியிருக்கிறது. பெயர் போனால் பின்தொடர்பவர்களும் பழைய இடுகைகளும் புது வீட்டுக்குத் தானாக வந்து சேர்வதில்லை.

டாட் இன் இத்தகைய விளையாட்டுப் பெயரில்லை. எங்களில் பாதிப்பேர் வாழும் நாட்டின் குறி. நிக்சி என்ற அமைப்பு இதை நடத்துகிறது. 2005இல் விதிகள் தளர்ந்த பிறகு எந்த நாட்டினரும் பதிவு செய்யலாம். கனடாவின் டாட் சிஏ போல உள்நாட்டுத் தொடர்பைக் காட்டச் சொல்வதில்லை. விலை குறைவு, பெயர்கள் தாராளம்: எங்கள் பதினான்கில் ஒன்பது காலியாக இருந்தன. குறை இரண்டு. பதிவு செய்பவரின் உண்மைப் பெயரும் முகவரியும் கேட்கப்படுகின்றன; பொதுப் பின்னொட்டுகளில் வழக்கமாகிவிட்ட, விவரத்தை மறைத்துத்தரும் பதிலிச் சேவைகளை இதன் விதிகள் ஏற்பதில்லை. இன்னொரு குறை உணர்வு சார்ந்தது. “அது இந்தியாக்காரர்களுடைய தளம், நாங்கள் விருந்தாளிகள் என்று ஆகிவிடாதா?” என்று யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் கேட்டபோது கூட்டத்தில் எவரிடமும் பதிலில்லை. தளம் எங்கள் ஊர்க் குழுவுக்கு மட்டும் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு டாட் இன் என்றிருப்பேன்.

டாட் கார்டன், டாட் கம்யூனிட்டி போன்ற புதுப் பின்னொட்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2012இல் ஐகான் விண்ணப்பம் கோரியபோது, விண்ணப்பத்துக்கு 1,85,000 டாலர் கட்டணம் என்றிருந்தும் 1,930 விண்ணப்பங்கள் வந்தன. 2013 இறுதியிலிருந்து அவை ஒவ்வொன்றாகப் புழக்கத்துக்கு வந்தன. முதல் ஆண்டு விலை துண்டறிக்கையில் கவர்ச்சியாக இருக்கும். பார்க்க வேண்டியது இரண்டாம் ஆண்டின் புதுப்பிப்பு விலை. மலிவு விலையால் மோசடிக்காரர்கள் மொய்த்த சில பின்னொட்டுகளிலிருந்து வரும் மின்னஞ்சலை வடிகட்டிகள் ஐயத்துடனே பார்க்கின்றன. கடவுச்சொல் மாற்றும் மடலே போய்ச்சேரவில்லை என்றால் குழுவை எப்படி நடத்துவது?

இனித் தமிழிலேயே முழுப்பெயர். என் மனம் இங்கேதான் நெடுநேரம் நின்றது. பன்மொழி டொமைன் பெயர்களின் தொடக்கக்கால முயற்சிகளில் ஒன்று சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ என்பவர் தலைமையில் 1998இல் நடந்தது, சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் நா. கோவிந்தசாமியோடு சேர்ந்து 1995இல் தமிழ்க் கவிதைகளை வலைப்பக்கத்தில் ஏற்றியவரும் அவரே. 2010-11இல் ‘இலங்கை’, ‘சிங்கப்பூர்’, ‘இந்தியா’ ஆகிய மூன்றும் தமிழ் எழுத்தில் நாட்டுப் பின்னொட்டுகளாக வேர்ப் பட்டியலில் ஏறின. மலேசியாவுக்கு அப்படியொன்று தமிழில் இல்லை.

இவை இயங்கும் விதத்தைக் கொஞ்சம் அருகில் சென்று பார்க்கலாம். டி.என்.எஸ். பழைய ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் சிறு கோட்டையுமே எதிர்பார்த்து வளர்ந்தது. ஆகவே 2003இல் தரப்படுத்தப்பட்ட பியூனிகோட் என்ற முறையில், தமிழ்ச் சொல் உள்ளுக்குள் ஆங்கிலக் குறிகளாக மாற்றப்படுகிறது. ‘இந்தியா’ என்பது நம் கண்ணுக்கு நான்கு எழுத்து, கணினிகள் எழுத்துகளைக் குறிக்கப் பயன்படுத்தும் யூனிகோடில் மெய்ப்புள்ளியும் உயிர்க்குறிகளும் தனித்தனியாக எண்ணப்படுவதால் ஏழு குறி, டி.என்.எஸ்.ஸுக்குள் போகும்போது ‘எக்ஸ்என்’ என்ற எழுத்துகள், இரண்டு சிறு கோடுகள், அதன்பின் எழுத்தும் எண்ணும் கலந்த பதின்மூன்று குறிகள். உலாவியில் தமிழாகத் தெரிந்த முகவரியைப் படியெடுத்து இன்னொரு செயலியில் ஒட்டினால் பல நேரம் இந்தக் குறிக்கூட்டம்தான் வந்து விழுகிறது. அதைப் பார்த்தவர் வைரஸ் என்று பயந்து அழுத்தாமல் போவார்; எங்கள் குழுவில் ஒருவர் அப்படியே செய்தார்.

எழுத்துச் சிக்கல்களும் உண்டு. ‘ஸ்ரீ’யை யூனிகோடில் இரண்டு விதமாக உள்ளிடலாம், திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், டி.என்.எஸ்.ஸுக்கு அவை இரு வேறு பெயர்கள். ‘ஔ’வைத் தட்டத் தெரியாதவர் ‘ஒ’வும் ‘ள’வும் சேர்த்துவிடுவார். ஒன்றுபோலத் தோன்றும் எழுத்துகளால் ஏமாற்றுவது மற்ற எழுத்துமுறைகளிலும் நடந்திருக்கிறது. 2017இல் ரஷ்ய மொழிக்குரிய சிரிலிக் எழுத்துகளை மட்டும் கொண்டு ஆப்பிள் நிறுவனத்தின் முகவரி போலவே ஒன்றைப் பதிவு செய்து காட்டினார்கள். மின்னஞ்சலில் நிலைமை இன்னும் மந்தம். தமிழ் முகவரிகளோடு அஞ்சல் பரிமாறிக்கொள்ள ஜிமெயில் 2014இலேயே வழிசெய்தது. ஆனால் பயணச்சீட்டுப் படிவம் முதல் வங்கிப் படிவம் வரை, தமிழில் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால் ‘சரியான முகவரியை உள்ளிடவும்’ என்றே திருப்புகின்றன. ஆகவே தமிழ்ப் பெயரை முதன்மைப் பெயராக வைக்க எனக்குத் துணிவில்லை. இரண்டாவது வாசலாக வைக்கலாம்: தமிழில் தட்டுபவரும் அதே தளத்துக்கு வந்துசேர்வார். துண்டறிக்கையில் தமிழ்ப் பெயர் தமிழாகவே அச்சாவதில் ஒரு நிறைவும் இருக்கிறது. அதற்காக ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் கொடுக்கலாம் என்று நான் வாதிட்டேன்.

தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் பதிவு செய்வதுதான் முதன்மை வழி என்றால், பின்னொட்டைவிடப் பெரிய தலைவலி எழுத்துக்கூட்டு. எங்கள் முதல் விருப்பம் ‘மாடித்தோட்டம்’. எழுதிப்பாருங்கள். ‘மா’வுக்கு ஆங்கில ஏ ஒன்றா இரண்டா? ‘தோ’வில் டிக்குப் பின் எச் உண்டா இல்லையா? ஓ ஒன்றா இரண்டா? ‘ட்ட’வுக்கு டி ஒன்றா இரண்டா? நான்கு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு விடை. ஆகப் பதினாறு முகவரிகள். ஏ ஒன்றோடு நிறுத்தினால் ‘மடித் தோட்டம்’ என்றும் படிக்கலாம். பத்து உறுப்பினர்களைத் தொலைபேசியில் அழைத்துப் பெயரைச் சொல்லி, தட்டச்சு செய்து அனுப்பச் சொன்னேன். ஏழு விதமாக வந்தது. ‘ழ’ இருந்தால் கேட்கவே வேண்டாம்: இசட்-எச் போடுபவர், எல் போடுபவர், எல்லுக்குப் பின் எச் போடுபவர் என்று குலம் மூன்று.

இதிலிருந்து எங்களுக்கு நாங்களே ஒரு விதி வகுத்துக்கொண்டோம்: நெடில் வேண்டாம், இரட்டிக்கும் வல்லினம் வேண்டாம், த, ட, ழ, ள, ற, ண வேண்டாம். மிஞ்சுபவை குறைவுதான், ஆனால் இருக்கின்றன. ‘வயல்’, ‘மலர்’, ‘பயிர்’, ‘கனி’, ‘மரம்’ போன்ற சொற்களை எவரிடம் சொன்னாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். இத்தகைய இரண்டு சொற்களைச் சேர்த்த பெயர்களை அதே பத்துப் பேரிடம் சோதித்தபோது ஒன்பது பேர் ஒரே எழுத்துக்கூட்டை அனுப்பினார்கள். இடையில் சிறு கோடு போடலாமா என்று கேட்டார்கள். போட்டால் ‘நடுவுல ஒரு கோடு’ என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். புள்ளிகளை வைத்து வித்தை காட்டுவதும் அப்படியே. சுட்டிகளைச் சேமித்துப் பகிர்ந்துகொள்ள உதவிய டெலிஷியஸ் தளம் 2003இல், அமெரிக்கக் குறியான யூஎஸ்ஸைச் சொல்லின் முடிவாக்கி, இடையில் இரண்டு புள்ளிகளோடு பெயர் வைத்தது. புள்ளி எங்கே விழும் என்று எவருக்கும் நினைவில் நிற்கவில்லை. 2008இல் சாதாரண டாட் காமுக்கே வந்துவிட்டது.

ஒரு நண்பர் தந்த பெயர் எழுத்துக்கூட்டில் தேறியது, ஆனால் சந்தையில் இருக்கும் ஒரு விதை வணிகப் பெயரின் நிழல் அதில் இருந்தது. அதை உடனே நீக்கினேன். டொமைன் பெயருக்கும் வணிகக்குறிக்கு உரிய பாதுகாப்பு உண்டு என்று சத்யம் இன்ஃபோவே வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2004இல் தீர்ப்பளித்திருக்கிறது. வக்கீல் கட்டணத்துக்கு எங்களிடம் இருப்பது விதைதான்.

எந்தப் பெயரை எடுத்தாலும் அதை இழக்கும் வழி பெரும்பாலும் ஒன்றே: மறதி. டாட் காமிலும் டாட் ஆர்க்கிலும், காலாவதிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும், காலாவதியான ஐந்து நாளுக்குள்ளும் நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்று பதிவு நிறுவனங்களுக்கு ஐகான் விதித்திருக்கிறது. அதன்பின் 45 நாள் வரை சலுகைக் காலம் இருக்கலாம். அதன் அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அடுத்து 30 நாள் மீட்புக் காலம்; அப்போது பல மடங்கு கட்டணம் கட்டினால் பெயர் திரும்பும். அடுத்த 5 நாளில் எவராலும் எதுவும் செய்ய முடியாது. பிறகு பெயர் பொதுவெளிக்கு வருகிறது. வந்த நொடியிலேயே தானியங்கி நிரல்கள் கொத்திக்கொண்டு போகின்றன. எங்கள் பழைய பெயருக்கும் மூன்று நினைவூட்டல்களும் வந்திருக்கும். மூடிய அஞ்சல் பெட்டியில் கிடந்திருக்கும். 1999 கிறிஸ்துமஸ் காலத்தில் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே, ஹாட்மெயில் நுழைவுக்கு வேண்டிய பாஸ்போர்ட் டாட் காமைப் புதுப்பிக்க மறந்து, ஹாட்மெயிலில் நுழைய முடியாமல் பயனர்கள் தவித்தபோது, ஒரு லினக்ஸ் நிரலாளர் தம் கையிலிருந்து 35 டாலர் கட்டி மீட்டார் என்பது எங்களுக்குச் சிறிய ஆறுதல்.

மறதிக்கு அடுத்தது திருட்டு. பெர்ல் நிரல்மொழிக் குழுவின் பெர்ல் டாட் காம் 2021 ஜனவரியில் களவுபோனது. மீட்கும்வரை தளத்தை, தங்கள் கையில் இருந்த பெர்ல் டாட் ஆர்க்கின் கீழ் ஒரு முன்னொட்டாக வைத்து நடத்தினார்கள். இரண்டாவது பெயர் ஒன்றை வேறொரு பின்னொட்டில் வைத்திருப்பதன் பயனை நான் அங்கேதான் கண்டேன்.

இவற்றையெல்லாம் வைத்து நான் குழுவிடம் கொடுத்த பரிந்துரை இது. முதன்மைப் பெயர் டாட் ஆர்க்கில்; அதே பெயர் டாட் இன்னில், முதன்மைத் தளத்துக்குத் திருப்பிவிடும்படியாகவும் அவசரத்துக்கு மாற்று வீடாகவும்; தமிழில் டாட் இந்தியாவில் மூன்றாவது. டாட் இன்னை வேறொரு பதிவு நிறுவனத்தில் எடுக்க வேண்டும், ஒரே கணக்கு பறிபோனால் இரண்டும் போகாதபடி. பதிவுக்கான மின்னஞ்சல் எந்த உறுப்பினருடைய அலுவலகத்துடையதாகவும் இருக்கக் கூடாது. எங்கள் டொமைனிலேயே அமைந்த முகவரியாகவும் இருக்கக் கூடாது, ஏனென்றால் பெயர் முடங்கும் நாளில் அந்த அஞ்சலும் முடங்கும். கணக்கின் சாவி இரண்டு ஊர்களில் இரண்டு பேரிடம் இருக்க வேண்டும். இரட்டைச் சரிபார்ப்பும், பெயரை வேறு நிறுவனத்துக்கு மாற்றவிடாத பூட்டும் போட்டிருக்க வேண்டும்.

பொருளாளர் மூன்று பெயருக்கு ஒப்புக்கொண்டார். டாட் ஆர்க்கை 10 ஆண்டுக்கு ஒரேயடியாக எடுத்துவிடலாம் என்பது என் கட்சி. விலை ஏறினாலும் கவலையில்லை. ஆண்டுதோறும் கட்டினால்தான் எவருக்காவது நினைவிருக்கும், பத்தாண்டு கழித்து இந்தக் கணக்கு இருப்பதே எல்லோருக்கும் மறந்துபோகும் என்பது அவர் கட்சி. பழைய கதையை நினைத்தால் அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இப்போதைக்கு ஐந்தாண்டு என்று பேசி வைத்திருக்கிறோம். பெயரை மட்டும் இங்கே சொல்லவில்லை. சனிக்கிழமைதான் பதிவு செய்யப்போகிறோம்.